கன உலோக நஞ்சு: ஆண்களின் மகப்பேற்றுத் திறனைக் காப்பது எப்படி?

மூன்று முறை சேர்த்தும் பசு சினை பிடிக்கவில்லை என்றால், பசுவைச் சோதித்த கையோடு பொலிகாளையையும் சோதிப்பது கிராமத்து வழக்கம். குறை காளையிடம் இருந்தால் காளையை மாற்றுவார்கள். பசுவை விற்க மாட்டார்கள். ஆனால் வீட்டுக்குள் இந்த நியாயம் செல்லுபடியாவதில்லை. திருமணமாகி 3 ஆண்டுகள் ஆகியும் குழந்தை இல்லை என்றால் மருமகளைத்தான் மருத்துவரிடம் அழைத்துப் போகிறார்கள். கோயில் கோயிலாகச் சுற்றுபவளும் அவளே. ஊர்ப் பேச்சைக் கேட்பவளும் அவளே. குழந்தை இல்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் கணவரிடம் உள்ள குறை ஒரு காரணமாகவாவது இருக்கிறது என்பது மருத்துவ உண்மை.

விந்தணு குறைவதற்குக் காரணங்கள் பல. விதைப்பை நரம்பு புடைத்தல், இளமையில் வந்த பொன்னுக்கு வீங்கி, சர்க்கரை நோய், புகை, மது ஆகியவை அவற்றில் சில. இவற்றோடு, விவசாயிகள் அதிகம் அறியாத காரணம் ஒன்றும் உண்டு. அதுதான் கன உலோக நஞ்சு. காரீயம், காட்மியம், குரோமியம், பாதரசம் முதலியவை மண், நீர், புகை, உணவு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக உடலில் சேர்கின்றன. வலியோ காய்ச்சலோ இல்லாமல் சேர்வதால் பலருக்குத் தெரிவதில்லை. தெரிந்து விலகிக்கொண்டால் பெரும்பாலும் மீளலாம் என்பது இதில் ஆறுதலான செய்தி.

விந்தணு விளையும் காலம்

நெல்லுக்கு நாற்றங்கால் முதல் அறுவடை வரை இத்தனை நாள் என்று கணக்கு இருப்பதுபோல் விந்தணுவுக்கும் கணக்கு உண்டு. மனிதனின் விதைப்பையில் ஓர் அணு உருவாகி முடிய சுமார் 74 நாட்கள் ஆகின்றன. பிறகு அது குழாயில் தங்கி நீந்தும் பக்குவம் அடைய மேலும் இரண்டு வாரம் வரை செல்லும். ஆக, இன்று வெளிவரும் விந்தணு சுமார் 3 மாதங்களுக்கு முன் விதைக்கப்பட்டது. காளைக்கு இந்தக் கணக்கு 61 நாட்கள். ஆட்டுக் கிடாவுக்கு ஏழு வாரம்.

இந்த விளைச்சல் நாள்தோறும் கோடிக்கணக்கில் நடக்கிறது. வேகமாகப் பிரிந்து பெருகும் அணுக்களை நஞ்சு எளிதில் தாக்கும். காட்மியம் விதைப்பையின் மெல்லிய இரத்தக் குழாய்களையும், விளையும் அணுக்களைச் சுற்றி அரணாக நிற்கும் செல்களையும் சிதைக்கிறது. காரீயம், விந்தணுவின் தலைப்பகுதியில் துத்தநாகம் இருக்க வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இதனால் எண்ணிக்கை குறையும், உள்ளவையும் நேராக நீந்தாது, உருவம் கோணலாகும்.

இங்கே ஒன்றைத் தெளிவாக அறிய வேண்டும். தாம்பத்திய வீரியம் வேறு. மகப்பேற்றுத் திறன் வேறு. உடல் வலுவும் வீரியமும் குறையாத ஆணுக்கும் விந்தணு குறைந்திருக்கலாம். விந்துவைச் சோதித்துப் பார்த்தால்தான் இது தெரியும்.

ஆராய்ச்சிகள் கூறுவது

1956-ம் ஆண்டில் செக்கோஸ்லோவாகியா நாட்டு விஞ்ஞானிகள், காட்மியம் உப்பை ஒரே ஒரு முறை ஊசி மூலம் செலுத்தியதில் எலிகளின் விதைப்பை அழிந்துபோனதைக் கண்டனர். அடுத்த ஆண்டே, துத்தநாகம் கொடுத்தால் இந்த அழிவைத் தடுக்க முடிகிறது என்பதையும் காட்டினர்.

1975-ல் ருமேனியாவில் பேட்டரித் தொழிலாளர்களைச் சோதித்தபோது, காரீயம் அதிகம் ஏறியவர்களிடம் விந்தணுக் குறைவும் உருவக் கோளாறும் காணப்பட்டன. 2002-ல் வெளியான மற்றோர் ஆய்வில் பிரிட்டன், இத்தாலி, பெல்ஜியம் நாடுகளில் 503 ஆண்கள் சோதிக்கப்பட்டனர். 100 மில்லி இரத்தத்தில் 50 மைக்ரோகிராமுக்கு மேல் காரீயம் இருந்தவர்களின் விந்தணு அடர்த்தி ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது.

தமிழகத்துக்கு நேரடித் தொடர்புள்ள ஆய்வு ஒன்று சென்னைப் பல்கலைக்கழகத்தில் நடந்தது. நாட்டுக் குரங்குகளுக்கு 6 மாத காலம் குடிநீரில் குரோமியம் கலந்து கொடுத்தனர். மாதந்தோறும் விந்துவைச் சோதித்ததில் எண்ணிக்கையும் நீந்தும் வேகமும் குறைந்துகொண்டே வந்தன. குரோமியத்தை நிறுத்தி 6 மாதம் சென்றதும் அவை பழைய நிலைக்குத் திரும்பின. குரோமியத்துடன் வைட்டமின் சி-யும் சேர்த்துக் கொடுக்கப்பட்ட குரங்குகளுக்கு அந்தக் கேடு தடுக்கப்பட்டது. 2006-ல் வெளியான ஆய்வு இது. அதில் கொடுத்த அளவு, குடிநீருக்கு அனுமதிக்கப்பட்ட அளவைப் போல் 1,000 மடங்கும் அதற்கு மேலும் ஆகும். எனவே அதை அப்படியே மனிதருக்குப் பொருத்திப் பயப்படத் தேவையில்லை. ஆனால் நஞ்சு நின்றால் உடல் மீள்கிறது என்ற பாடம் பொருந்தும்.

பாலாற்றுப் பாசனத்தின் பாடம்

வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை வட்டாரங்களில் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு பாலாற்றிலும் வயல்களிலும் கலந்தது நாடறிந்த செய்தி. இதுபற்றிய வழக்கில் 1996-ம் ஆண்டு ஆகஸ்டு 28-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் தொழிற்சாலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதாக அத்தீர்ப்பில் குறிக்கப்பட்டுள்ளது. ராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட ஒரு குரோமேட் தொழிற்சாலை, லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவைக் குவித்துவிட்டுப் போனது.

குரோமியத்தில் இரண்டு வகை உண்டு. தோல் பதனிடப் பயன்படும் வகை நீரில் அதிகம் கரையாமல் மண்ணிலேயே தங்கும், நஞ்சும் குறைவு. மஞ்சள் நிறத்தில் கரைந்து ஓடும் குரோமேட் வகையே கொடியது. களர் நிலத்தில் இது மண்ணோடு ஒட்டாமல் கிணற்றுக்கு இறங்கிவிடும். கிணற்று நீர் மஞ்சள் சாயலாகத் தெரிந்தால் சோதித்துப் பார்க்காமல் குடிக்கக் கூடாது. தெளிந்த நீர் என்பதாலும் ஐயம் தீராது. சிறு அளவு கண்ணுக்குத் தெரியாது.

மண்ணில் ஏறிய உலோகம் மக்கி மறைவதில்லை. ஜப்பானில் தொயாமா பகுதியில் ஜின்சு ஆற்று நீர் பாய்ந்த நெல் வயல்களில், மேலே இருந்த சுரங்கத்திலிருந்து காட்மியம் வந்து சேர்ந்தது. அந்த அரிசியை உண்டவர்களுக்குச் சிறுநீரகமும் எலும்பும் கெட்டன. 1968-ல் அரசாங்கம் காரணத்தை ஒப்புக்கொண்டது. வயலின் மேல்மண்ணைச் சீர்செய்யும் பணி 1979-ல் தொடங்கி 2012-ல்தான் முடிந்தது. ஆகவே நஞ்சு ஏறிய பின் திருத்துவதைவிட ஏறாமல் தடுப்பதே மலிவு.

எந்த வழியில் வருகிறது?

சிறு விவசாயியின் வீட்டிலும் வயலிலும் நஞ்சு நுழையும் வாயில்கள் இவை:

பழைய பேட்டரி: டிராக்டர், இன்வெர்ட்டர் பேட்டரியை உடைத்து ஈயத் தகட்டை எடுத்து உருக்கி விற்பது சில ஊர்களில் பக்கத் தொழில். அந்தப் புகையும் தூசியும் உடைக்கும் ஆளோடு நிற்பதில்லை. வீட்டிலுள்ள குழந்தையையும் சேர்த்துத் தாக்கும். மீன் வலைக்கு ஈயக் குண்டு உருக்குவதும் இதே வகை.

ஆலைக் கசடு: இலவசமாகக் கிடைக்கிறது என்று தோல், சாய, முலாம் பூசும் பட்டறைகளின் கசட்டை வண்டியில் ஏற்றி வந்து உரமாகக் கொட்டுவது பெருந்தவறு. அதில் தழைச்சத்து கொஞ்சம் இருக்கலாம். கூடவே வரும் உலோகம் பேரன் காலத்துக்கும் நிலத்தில் இருக்கும்.

நகரக் குப்பை உரம்: இதற்கு உரக் கட்டுப்பாட்டு ஆணையில் வரம்பு உண்டு. ஒரு கிலோ உரத்தில் காட்மியம் 5 மில்லிகிராம், காரீயம் 100, குரோமியம் 50, ஆர்சனிக் 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. பரிசோதனைச் சான்று காட்டாத குப்பை உரத்தை வாங்கக் கூடாது.

பீடி, சிகரெட்: புகையிலைச் செடி மண்ணிலுள்ள காட்மியத்தை இலையில் இழுத்துச் சேர்க்கும் தன்மை கொண்டது. ஒரு சிகரெட்டில் 1 முதல் 2 மைக்ரோகிராம் காட்மியம் உள்ளது. புகைப்பவர் உடலில் சேரும் காட்மியம், புகைக்காதவரைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. சிறுநீரகத்தில் புகுந்த காட்மியம் பாதியாகக் குறைய 10 முதல் 30 ஆண்டுகள் ஆகும்.

பாத்திரம்: ரசத்துக்கு ஈயச் சொம்பு நல்லது என்பது பழைய வழக்கம். அது வெள்ளீயத்தால் ஆனதாக இருக்க வேண்டும். விலை மலிவுக்காகக் காரீயம் கலந்து விட்டால் புளியும் சூடும் சேர்ந்து அதைக் கரைத்துவிடும். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசும் ஈயத்துக்கும் இதுவே விதி. கண்ணால் பார்த்துப் பிரித்தறிவது கடினம். நம்பிக்கையான இடத்தில் வாங்காத சொம்பை ரசத்துக்குப் பயன்படுத்தாதிருப்பதே நலம். பழைய உலோகக் கழிவை உருக்கிச் செய்த மலிவான அலுமினியப் பாத்திரத்திலும் புளிக்குழம்பைத் தேக்கி வைக்கக் கூடாது.

மஞ்சள் தூள்: மங்கிய மஞ்சளைப் பளபளப்பாக்கக் காரீயக் குரோமேட் என்ற சாயத்தைப் பூசும் மோசடி வங்காள தேசத்தில் 2019-ல் அம்பலமாயிற்று. சந்தையில் எடுத்த மாதிரிகளில் 47 சதவீதத்தில் காரீயம் இருந்தது. அரசாங்கம் கடுமையாக நடவடிக்கை எடுத்ததில் 2021-ல் அது இல்லாமல் போயிற்று. மஞ்சள் விளைவிக்கும் விவசாயி மெருகேற்றும்போது எந்தச் செயற்கைச் சாயத்தையும் சேர்க்க விடக் கூடாது. வீட்டுக்கு முழு மஞ்சளை வாங்கி இடித்துக்கொள்வது பாதுகாப்பு.

லேகிய வைத்தியம்: குழந்தை இல்லை என்றதும் ஆண்கள் வெட்கப்பட்டுச் சந்தையிலும் கூடாரத்திலும் விற்கும் வீரிய லேகியம், பஸ்பம் ஆகியவற்றை வாங்கித் தின்கிறார்கள். இதில்தான் பேராபத்து. 2008-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இணையத்தின் மூலம் விற்கப்பட்ட 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தபோது ஐந்தில் ஒரு பங்கில் காரீயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. குறையைத் தீர்க்க வாங்கிய மருந்தே குறையை வளர்க்கும். பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் மட்டுமே மருந்து பெற வேண்டும். பெயரும் உரிம எண்ணும் இல்லாத மருந்தைத் தொடக் கூடாது.

வயலில் செய்ய வேண்டியவை

சந்தேகமுள்ள நிலத்தில் மண்ணையும் நீரையும் சோதிப்பது முதல் வேலை. வயலில் 10 இடங்களில் அரை அடி ஆழத்துக்கு ஆங்கில ‘வி’ எழுத்துப்போல் குழி வெட்டி, ஓரத்து மண்ணைச் சுரண்டி எடுத்து, கலந்து, அரை கிலோ அனுப்பினால் போதும். துருப்பிடித்த கருவியைத் தவிர்த்து மூங்கில் குச்சியால் சுரண்ட வேண்டும். எருக்குழி, வரப்பு, மரத்தடி ஆகிய இடங்களில் எடுக்கக் கூடாது. சாதாரண மண் பரிசோதனையில் தழை, மணி, சாம்பல் சத்துகளே முக்கியமாகப் பார்க்கப்படும். கன உலோகத்தைத் தனியே குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். வேளாண்மைப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களை இதற்கு அணுகலாம்.

குடிநீரில் ஒரு லிட்டருக்குக் காரீயம் 0.01, காட்மியம் 0.003, மொத்தக் குரோமியம் 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். நீரைக் காய்ச்சுவதால் உலோகம் போகாது; நீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடவே செய்யும். கிணறு கெட்டிருந்தால் குடிக்கவும் சமைக்கவும் வேறு நீரைப் பயன்படுத்துவதே வழி.

உலோகம் ஏறிய நிலத்தில் கீரை, முள்ளங்கி, கேரட் போன்றவற்றைப் பயிரிடக் கூடாது. இலையும் கிழங்கும்தான் அதிகம் இழுக்கும். கனி, காய் வகைகளில் பொதுவாகக் குறைவு. பருத்தி, பூ, விறகு மரம் போன்று உண்ணாத பயிர்களுக்கு மாறுவது மேலும் நல்லது. மாட்டுத் தீவனமும் அங்கே வேண்டாம்.

அமில நிலமானால் பரிசோதனைப் பரிந்துரைப்படி சுண்ணாம்பு இட்டால் பயிர் காட்மியத்தை எடுப்பது குறையும். தொழு உரமும் தக்கைப்பூண்டு, கொளுஞ்சி போன்ற பசுந்தாள் உரமும் இரு வகையில் உதவும்: உலோகத்தை மண்ணோடு கட்டி வைக்கும், கொடிய குரோமேட்டை நஞ்சு குறைந்த வகையாக மாற்றும். துத்தநாகக் குறைவுள்ள நிலத்தில் பயிர் காட்மியத்தை அதிகம் எடுக்கும். அத்தகைய நெல் வயலுக்கு ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலுடன் கலந்து நடவுக்கு முன் தூவலாம். சூப்பர் பாஸ்பேட்டுடன் சேர்த்து இடக் கூடாது.

சாலையோரத்திலும் ஆலையோரத்திலும் விளைந்த கீரையை மூன்று முறை நீர் மாற்றி அலச வேண்டும். இலைமேல் படிந்த தூசி போகும். ஆனால் செடிக்குள் ஏறிய உலோகம் கழுவினால் போகாது என்பதை மறக்கலாகாது.

தொழுவத்தில் கவனம்

மாடுகள் காரீயத்தின் இனிப்பு கலந்த சுவைக்கு ஆசைப்பட்டு உடைந்த பேட்டரி, பழைய பெயிண்ட் டப்பா ஆகியவற்றை நக்கும். கண் தெரியாமல் சுவரில் தலையை முட்டுதல், பல்லைக் கடித்தல், தசை துடித்தல் ஆகியவை காரீய நஞ்சின் அறிகுறிகள். உடனே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். நஞ்சு தாக்கிப் பிழைத்த பொலிகாளையையும் கிடாவையும் உடனே இனச்சேர்க்கைக்கு விடாமல், காளைக்கு மூன்று மாதம், கிடாவுக்கு இரண்டு மாதம் பொறுத்து, விந்துவைச் சோதித்த பின் விடுவது முறை. எலும்பில் தங்கிய காரீயம் மெதுவாகக் கசியும் என்பதால் மருத்துவர் கூறினால் மேலும் பொறுக்க வேண்டும்.

பழுதான பேட்டரியைத் தொழுவத்தில் போட்டு வைக்கக் கூடாது. 2022-ம் ஆண்டு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அதை முறையாகச் சேகரிப்பவரிடமே ஒப்படைக்க வேண்டும். புதிய பேட்டரி வாங்கும் கடையில் பழையதைக் கொடுத்தால் விலையிலும் கழிவு கிடைக்கும்.

உடலைக் காக்கும் முறை

ஈயம், பெயிண்ட், மோட்டார் பற்றவைப்பு, ஆலைக் கசடு ஆகியவற்றோடு வேலை செய்பவர் வெறும் வயிற்றோடு போகக் கூடாது. வெறும் வயிறு காரீயத்தை அதிகம் உறிஞ்சும். வேலை இடத்தில் சாப்பிடுவதும் பீடி குடிப்பதும் கூடாது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கையையும் நகத்தையும் கழுவி, குளித்து, உடை மாற்றியபின் வீட்டுக்குள் நுழைய வேண்டும். அந்த உடையைத் தனியாகத் துவைக்க வேண்டும்.

இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த உடல் காரீயத்தை எளிதில் ஏற்கும். எனவே கேழ்வரகு, முருங்கைக்கீரை, எள், பயறு, மோர் ஆகியவை நாள்தோறும் இருக்கட்டும். துத்தநாகத்துக்கு முட்டை, கறி, நிலக்கடலை, கொண்டைக்கடலை. வைட்டமின் சி-க்கு நெல்லிக்காய், கொய்யா. இவை தடுப்பு அரண் ஆகுமே தவிர, நஞ்சைத் தொடர்ந்து உட்கொண்டால் காப்பாற்ற மாட்டா.

எப்போது சோதிப்பது?

ஓராண்டு இணைந்து வாழ்ந்தும் கருத்தரிக்கவில்லை என்றால் கணவன், மனைவி இருவரும் ஒரே நாளில் மருத்துவரைக் காண வேண்டும். விந்துப் பரிசோதனை எளியது, வலியில்லாதது. 2 முதல் 7 நாட்கள் உறவு தவிர்த்துக் கொடுக்க வேண்டும். ஒரு மில்லி விந்துவில் 1 கோடியே 60 லட்சம் அணுக்களுக்குக் குறைந்தால் குறைவு என்பது 2021-ம் ஆண்டு உலக சுகாதார நிறுவனக் கையேட்டின் கணக்கு. ஒரே முறை பார்த்து முடிவு கட்டக் கூடாது. மறுபடியும் பார்க்க வேண்டும். பேட்டரி, பெயிண்ட், கசடு ஆகியவற்றோடு பழக்கம் உள்ளவர் அதை மருத்துவரிடம் தாமாகவே சொல்லி, இரத்தத்தில் காரீய அளவையும் பார்க்கக் கேட்க வேண்டும். காரீயத்தில் ‘இவ்வளவு இருந்தால் தீங்கில்லை’ என்று ஓர் அளவு இல்லை. 100 மில்லி இரத்தத்தில் 5 மைக்ரோகிராம் இருந்தாலே அது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்கிறது அந்த நிறுவனம்.

நஞ்சு கண்டுபிடிக்கப்பட்டால் முதல் மருந்து, அதன் மூலத்தை நிறுத்துவது. புதிய நஞ்சு ஏறாவிட்டால் இரத்தத்தில் உள்ள காரீயம் சுமார் ஒரு மாதத்தில் பாதியாகும். எலும்பில் தங்கியது பல்லாண்டு கசியும். மூலத்தை நிறுத்தி 3 மாதம் கழித்து விந்துவை மறுபடி சோதித்தால் பலன் தெரியும். சிலருக்கு அதற்கு மேலும் காலம் ஆகலாம். உலோகத்தை வெளியேற்றும் மருந்துகள் உண்டு. அவை கடும் மருந்துகள். மருத்துவமனையில்தான் கொடுக்கப்பட வேண்டும்.

நாற்று கருகினால் விதையையும், மண்ணையும், நீரையும் ஒருங்கே பார்ப்பவர்தான் நல்ல விவசாயி. குழந்தைப் பேற்றிலும் அதே முறையைக் கையாள வேண்டும். பழியை ஒருத்தியின் தலையில் போட்டுவிட்டு இன்னொரு பெண்ணைத் தேடுமுன், கணவர் ஒரு நாள் வேலையை விட்டு அரசு மருத்துவமனைக்குப் போய் வந்தால் போதும். உண்மை தெரியும், ஒரு குடும்பம் பிழைக்கும்.